எடை போட்டு வாங்கிய பேரிங்

பொன்ராஜ் அண்ணாச்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மரியாதை அதன் பின்னாலேயே மெதுவாக வந்து சேரும். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம் அவருக்கு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாரென்றால் ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு, விற்க வந்தவன் மனதில் கள்ளம் எவ்வளவு என்று மூன்றையும் சொல்லிவிடுவார். எங்கே போனாலும் மஞ்சள் பையில் ஒரு கைத்தராசு கூடவே போகும். பித்தளைத் தட்டு இரண்டும் எடைக்கல்லும் உள்ளே கிடக்கும். அந்தத் தராசை அவர் மிளகாயோடு நிறுத்தியிருந்தால் எனக்கு இத்தனை பாடு வந்திருக்காது.

என் பெயர் சீனிச்சாமி. எழுபத்திரண்டாம் வருஷம் பாளையம்பட்டியில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள். ஸ்பேனர் பிடித்த முதல் கை என்னுடையது. அதனால் எனக்குத் திமிர் அதிகம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு. வேலை தெரிந்தவனுக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று?

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் பாலவனத்தத்திலிருந்து சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் அம்பாசிடர் என்னைத் தாண்டிப் போயிற்று. இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலை வைத்துக்கொண்டு வெளியே விடச்சொல்லி இடிப்பது போல ஒரு சத்தம். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "அண்ணாச்சி, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். நான் கார் சவாரிக்கு ஆசைப்பட்டுத்தான் கத்துகிறேன் என்று நினைத்து, பெரிய மனது பண்ணி நிறுத்தினார்.

"பேரிங்கு போச்சு. இன்னும் ஒரு மைலு ஓட்டுனீகன்னா கிராங்கும் சேந்து போயிரும்" என்றேன்.

"அப்படியா? சரி, ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைச்சு ஓட்டுதேன்" என்றார்.

இஞ்சினிடம் பேரம் பேசிய முதல் மனுஷரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாவியைப் பிடுங்கி என் டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு பக்கத்துக் காட்டில் உழுதுகொண்டிருந்தவரிடம் கெஞ்சி ஒரு ஜோடி மாட்டை வாங்கி, காரின் முன்னால் வடம் போட்டுக் கட்டினோம். அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பாளையம்பட்டிக்குள் நுழைந்ததும் மாடுகளுக்கு வழிவிடச்சொல்லி ஹாரன் வேறு அடித்தார். அந்த ஹாரனுக்கு மிரண்டு மாடுகள் ஓடியதில்தான் கார் என் கொட்டகைக்கு அவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தோஷம்தான் காரணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் வெள்ளைத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெள்ளைத்தாய், டிரைவர் வீரபத்திரனின் மகள். அவர் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் ஒரு தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் சித்திரையில் அவருடைய பஸ் திருச்சுழியில் படுத்துக்கொள்ள, என்னைக் கூட்டிப் போனார்கள். நான் பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த இந்தப் பெண், கேட்காமலே அரை இஞ்சு ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தாள். எனக்கு வேண்டியது அதுதான். அடுத்து வேண்டியது ஒன்பது பதினாறு ஸ்பேனர். அதையும் வைத்தாள். வண்டிக்கு அடியிலிருந்து அவள் கால் விரல் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, ஆனால் அன்றைக்கே மனதைப் பறிகொடுத்துவிட்டேன். வைகாசியில் பெண் கேட்டு ஆள் அனுப்பினேன்.

வீரபத்திரன் அதிகம் பேசமாட்டார். ஓட்டும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டே இருப்பார். பஸ்ஸில் யாராவது சத்தமாகச் சிரித்தால்கூடத் திரும்பி முறைப்பார். என்னை நேரில் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"பிளக்கு கழுவுறதும் பிரேக்கு இறுக்குறதும் வேலையில்லை. முழு இஞ்சினு ஒண்ணு நீ பிரிச்சு மாட்டணும். அதை நான் அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழிக்கு ஓட்டிட்டு வாரேன். ஒரு தட்டல் கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா நீ இந்தப் பக்கமே வராத. ஆவணி பொறந்தா பாலவனத்தத்து மாப்பிள்ளைக்குப் பேசி முடிச்சிருவேன்."

பாலவனத்தத்து மாப்பிள்ளை கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவன். சட்டையில் ஒரு பொட்டு கறை கிடையாது. எனக்கோ முழு இஞ்சின் வேலை தருகிறவர்கள் யாருமில்லை. எல்லாரும் மதுரைக்குத்தான் கொண்டுபோவார்கள். அப்படி நான் வழி தெரியாமல் இருந்தபோதுதான் அண்ணாச்சியின் காரை மாடுகள் இழுத்துக்கொண்டு வந்து என் வாசலில் விட்டன.

ஆடி பிறந்து இஞ்சினை இறக்கினேன். கிராங்க் என்பது இஞ்சினின் அடிவயிற்றில் சுற்றுகிற இரும்புத் தண்டு. அது சுற்றுகிற இடங்களில் எல்லாம், பிறை மாதிரி வளைந்த இரண்டு மெல்லிய தகடுகள் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குத்தான் பேரிங் என்று பெயர். தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் தலைமுடியில் பாதி கனத்துக்கு இடம், அதில் எண்ணெய். இடம் கூடினால் தட்டும், குறைந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

தண்டு தேய்ந்துவிட்டால் மெஷினில் கொடுத்து ஒரு சீராகக் கடைந்து வாங்க வேண்டும். கடைந்தால் தண்டு மெலியும். மெலிந்த அளவுக்குக் கனம் கூடிய பேரிங் போட வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் பத்து பங்கு கடைந்தால் அது பத்து சைஸ். அடுத்து இருபது, முப்பது, நாற்பது. நாற்பதோடு தண்டின் ஆயுள் முடிந்தது, பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டியதுதான். கிராங்குக்கு நாலு பிறவி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் ஒரு பிறவியைக்கூட வீணாக்கமாட்டான்.

நான் மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வோர் இடமாக அளந்தேன். காரை அங்கேயே நிறுத்தியதால் அதிகம் சேதமில்லை. பத்திலேயே சுத்தமாகிவிடும். ஒரு தாளில் பெரிதாகப் பத்து என்று எழுதினேன்.

"அண்ணாச்சி, நாளைக்கு நான் மதுரைக்குப் போயி கிராங்கைக் கடைஞ்சு பேரிங்கையும் வாங்கிட்டு வாரேன்."

"வாங்குறது நான்தான்" என்றார். "எங்க வீட்டுக்குக் கருவேப்பிலைகூட நான் பார்த்துத்தான் வாங்கணும். நீ வால்வு வேலையைப் பாரு."

அதற்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியாது. சீட்டைக் கையில் கொடுத்து, "பத்து, அண்ணாச்சி. முதல்ல கிராங்கை மிசினுல குடுங்க. பத்து சைஸுன்னு சொல்லுங்க. பேரிங்கும் பத்து" என்று மூன்று தடவை சொன்னேன். அண்ணாச்சி கிராங்கைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் தன் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு போனார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம். மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "கைக்குழந்தைக்கு டிக்கெட்டு உண்டா?" என்று இவர் கேட்டாராம்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். கூடவே அவருடைய வீட்டம்மா சௌந்தரம் அக்காவும் வந்திருந்தார்கள். புருஷன் செய்த காரியத்தை நான் பாராட்டுவதைப் பார்க்கட்டும் என்று அவரே கூட்டி வந்திருக்கிறார்.

பேரிங் டப்பாவை நான் திறந்தேன். தகட்டின் முதுகில் நாற்பது என்று அடித்திருந்தது.

"அண்ணாச்சி, கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான். இது நாப்பது."

"மாத்திக் குடுக்கலை, நான்தான் கேட்டு வாங்குனேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். "பத்து என்ன விலை, நாப்பது என்ன விலைன்னு கேட்டேன். எல்லாம் ஒரே விலைங்கான். எனக்குச் சந்தேகம் வந்துட்டு. தராசை எடுத்தேன். ஒரு தட்டுல பத்து, ஒரு தட்டுல நாப்பது. நாப்பது பக்கம் சடக்குன்னு இறங்கிருச்சு! ஒரே விலைக்கு எடை கூட வருதுன்னா எவனாவது பத்தை வாங்குவானா? கடைக்காரனே வாயைப் பொளந்துட்டான். இதுவரைக்கும் எந்தக் கிராக்கியும் எடை போட்டுப் பார்த்ததில்லையாம்."

ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டேன். பேரிங்கை மாற்றிக்கொள்ளலாம்.

"சரி, கிராங்கைக் காட்டுங்க."

சாக்கைப் பிரித்தார். கடைந்த கிராங்க் கண்ணாடியாக மின்னியது. அளந்து பார்த்தேன். மறுபடியும் அளந்தேன். நாற்பது.

"பேரிங்கு வாங்கிட்டுத்தான் மிசினுக்குப் போனேன்" என்றார். "இந்தா, இதுக்குத் தோதாக் கடைஞ்சு குடுன்னேன். 'எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு, பத்துலயே தீந்துரும்'னான். வேலைக்குச் சோம்பல் படுறான்னு தெரிஞ்சு போச்சு. நான் சொன்னதைச் செய்யின்னு பக்கத்துலயே ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன்."

பிறகு மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பனையோலைக் கொட்டானை எடுத்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ சகதி.

"இது என்னது?"

"நம்ம கிராங்குத் தூள். விட்டுட்டு வருவனா? மாவு மில்லுல ஒரு படி அரிசி குடுத்தா ஒரு படி மாவு வாங்குறோம்ல? அரைச்சது நம்ம இரும்பு, தூளும் நம்மளோடதுதான். குடுக்க மாட்டேன்னான், அள்ளிட்டு வந்தேன். இதை இஞ்சினுக்குள்ளயே போட்டுறலாமா?"

சாணைக்கல் பொடியும் இரும்புத் தூளும் கலந்த அந்தச் சகதியில் ஒரு சிட்டிகை போதும், எந்த இஞ்சினையும் அரை மணியில் கொன்றுவிடும். அந்தக் கொட்டானைப் பிடுங்கி நான் வேலிக்கு அப்பால் எறிந்த வேகத்தில், அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் காட்டைத் தாண்டி ஓடின. அதன்பிறகு நான் என்னென்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. நாலு பிறவியில் மூணைத் தின்றுவிட்டீர்கள் என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

"எடை கூடத்தானே இருக்கு?" என்றார் அண்ணாச்சி, நிஜமாகவே புரியாமல்.

சௌந்தரம் அக்கா ஒரு பேரிங் தகட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு தன் வளையலைப் பார்த்தார்கள்.

"வெளி அளவு மாறாது. கனம் கூடுச்சுன்னா உள்ளே ஓட்டை சிறுத்துரும், இல்லையா சீனி? வளையலு கனமா இருக்குன்னு வாங்கிட்டு, நுழையலைன்னதும் கையைச் செதுக்கிட்டு வந்திருக்காக இவுக."

"அதேதான்க்கா!" என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கை வேற, இரும்பு வேற" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

புதுக் கிராங்க் வேண்டுமென்றால் மெட்ராஸுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அது வருவதற்குள் பாலவனத்தத்தில் தாலிகட்டு முடிந்து மறுவீடும் முடிந்திருக்கும். இருக்கிற இந்த நாற்பதைத்தான் போட்டாக வேண்டும். நாற்பது போட்டாலும் இஞ்சின் நன்றாகவே ஓடும், அதில் குறையில்லை. ஒரு தப்பு நடந்தால்தான் போச்சு. தண்டில் ஒரு கீறல், ஒரு துளி தூசி, எண்ணெய் வழியில் ஓர் அடைப்பு என்று எது வந்தாலும் அடுத்த அளவுக்குக் கடையலாம் என்ற பேச்சே கிடையாது. வேலையில் இறங்கிய பிறகு முதல் தடவையாக எனக்குப் பயமாக இருந்தது.

அப்போது பார்த்து ஆடிக்காற்று. கரிசல்காட்டுப் புழுதி முழுக்க என் கொட்டகையைத் தேடி வந்தது. படுதா கட்டினேன், பிய்த்துக்கொண்டு போயிற்று. கடைசியில் சௌந்தரம் அக்காவிடம் ஒரு கொசுவலையும் பழைய நூல்சேலையும் கேட்டு வாங்கினேன். வலையைக் கட்டி, அதன்மேல் சேலையைச் சுற்றி, உள்ளே இஞ்சினும் நானுமாக உட்கார்ந்துகொண்டேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே போவதில்லை. வெளியே யார் கூப்பிட்டாலும் வருவதில்லை.

இரண்டாம் நாள் வலைக்கு வெளியே வேப்பிலைக் கொத்து தொங்கியது. எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பக்கத்து டீக்கடை முத்துப்பேச்சி வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, எனக்கு இளநீர் ஒன்று வைத்துவிட்டுப் போனாள். நான் உள்ளேயிருந்து, "எனக்கு ஒண்ணுமில்லை, பேரிங்கு போடுறேன்" என்று கத்தினேன். காய்ச்சல் முற்றிவிட்டது, பிதற்றுகிறான் என்று எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பேரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வைத்திருந்தோம். தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவில் சிகரெட் தாள் ஒரு துண்டு வைத்து மூடியை இறுக்க வேண்டும். தாள் இருந்தால் தண்டு சுற்றத் திணற வேண்டும். தாளை எடுத்துவிட்டால் ஒரு விரலால் தள்ளினாலே சுற்ற வேண்டும். எல்லா இடத்திலும் தாள் வைத்து, இறுக்கி, கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடியும் இறுக்கி என்று ஐந்து தடவை செய்தேன். நாலாவது தடவையே சரியாகத்தான் இருந்தது. மனது ஒப்பவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வெளியே ஒரு பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. வலையைத் தூக்கினால் வீரபத்திரன். பிரயாணிகளோடு பஸ்ஸை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அம்மை செய்தி திருச்சுழி வரைக்கும் போயிருக்கிறது. என் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த சிகரெட் தாளைப் பார்த்தார், பிரித்துப் போட்டிருந்த மூடிகளைப் பார்த்தார். வலையை இறக்கிவிட்டுப் போனார். கண்டக்டர் விசில் அடித்தார். நான் மறுபடியும் கையைக் கழுவிவிட்டு அடுத்த மூடியை எடுத்தேன்.

இஞ்சினை மாட்டி, ஒரு பகல் முழுக்க நின்ற இடத்திலேயே ஓட விட்டேன். ஆடி முடிய மூன்று நாள் இருக்கும்போது வீரபத்திரன் லீவு போட்டுவிட்டு வந்தார். அவர் ஓட்டினார். காரின் சொந்தக்காரர் என்ற முறையில் அண்ணாச்சி முன்சீட்டில் அவர் பக்கத்தில். நான் பின்னால் தனியாக, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வைத்தால் நடுக்கம் தெரியும்.

அருப்புக்கோட்டை தாண்டியது. வீரபத்திரன் தலையைச் சாய்த்தார். இஞ்சின் பூனை மாதிரி இருந்தது. உடைமரங்கள் பின்னால் போய்க்கொண்டே இருந்தன. அண்ணாச்சி ஏதோ பேச வாயைத் திறந்தார், வீரபத்திரன் முறைத்ததும் மூடிக்கொண்டார். பாதி தூரம் வந்திருப்போம்.

டொக்.

என் உயிர் நின்றது. வீரபத்திரன் ஒரு விரலைத் தூக்கினார்.

டொக். டொக்.

பள்ளத்தில் இறங்கினால் வந்தது, மேட்டில் ஏறினாலும் வந்தது. கூட்டுறவுச் சங்கத்து மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு என் கண் முன்னால் வந்து நின்றான். வீரபத்திரன் ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைக்காமல் இறங்கி, பானட்டைத் திறந்து காதை வைத்தார். சத்தமில்லை. நான் முன்னால் வந்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். அப்போதும் சத்தமில்லை. மறுபடி ஏறி ஓட்டினார். டொக்.

இந்த முறை அவர் முன்பக்கம் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் முழங்காலுக்குப் பக்கத்தில், கதவுப் பிடியில் மாட்டியிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார். வண்டியை நிறுத்திவிட்டுப் பையைக் கழற்றி ஆட்டினார். டொக் டொக். உள்ளே தராசுத் தட்டு.

"கார்ல போகும்போது தராசு எதுக்கு அண்ணாச்சி?" என்றார் வீரபத்திரன். அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எனக்கு மூச்சு திரும்பி வந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

"இதைச் சாதாரணமா நினைக்காதீக. இந்த இஞ்சினுக்குப் பேரிங்கே இந்தத் தராசுலதான் எடை போட்டு வாங்குனேன்!"

வீரபத்திரன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன சைஸு?"

பத்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணாச்சி சொல்லிவிடுவார் என்பதற்காக மட்டும் நான் விழுங்கவில்லை. ஐந்து தடவை பிரித்து மாட்டிய வேலையைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நாப்பது" என்றேன்.

"அம்புட்டுத் தேஞ்சு போச்சா கிராங்கு?"

"இல்லை. பத்துல தீந்திருக்கும்."

"பிறகு?"

"ஒரே விலை!" என்றார் அண்ணாச்சி. "பத்தை விட நாப்பது எடை கூட. அதான் கிராங்கை அதுக்குத் தோதாக் கடையச் சொன்னேன்."

வீரபத்திரன் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு வாங்க, கதவைத் திறந்து இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அந்த மனுஷர் சிரித்து அதற்கு முன்னால் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னப்பா, நட்டம் வராம வாங்குனது தப்பா?"

வீரபத்திரன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அண்ணாச்சி, ஒரு மூடை விதை மல்லி வச்சிருக்கீக. வருஷத்துக்குக் கால் மூடை விதைச்சா நாலு வருஷத்துக்கு வரும். முதல் வருஷமே முழு மூடையையும் வறுத்து அரைச்சுக் குழம்பு வச்சுட்டா?"

"எந்தக் கிறுக்கன் வைப்பான்?"

வீரபத்திரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியின் முகத்தில் அது போய்ச் சேர்வதை நான் பார்த்தேன். மல்லி என்று சொன்னதும் சேர்ந்துவிட்டது. வாய் திறந்தது, மூடியது. "மூணு தடவை... மூணு தடவை கடையலாம்ங்கிறது போச்சா?" என்றார் ஈனமான குரலில். பிறகு என் மேல் பாய்ந்தார். "ஏலே, நீ மெக்கானிக்குத்தானே? இதை நீ ஏன் எனக்குச் சொல்லலை?"

"பதினெட்டு நாளா அதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்!" என்று நான் கத்திய கத்தலில் உடைமரத்துக் காக்கைகள் பறந்தன.

அதற்குப் பிறகு திருச்சுழி வரைக்கும் ஒரு தட்டல் கேட்கவில்லை. மஞ்சள் பை அண்ணாச்சியின் மடியில் இருந்தது. வீரபத்திரன் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். வெள்ளைத்தாய் கதவுப் பக்கம் வந்து நின்றாள். அன்றைக்குத்தான் நான் அவளைக் காலிலிருந்து தலை வரைக்கும் முழுசாகப் பார்த்தேன். பார்க்க முடியாமல் உடனே கீழே குனிந்துகொண்டேன்.

வீரபத்திரன் இஞ்சினை அணைக்கவில்லை. அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அன்னைக்குக் கொசுவலைக்குள்ள பார்த்தேனே, அது எத்தனாவது வாட்டி பிரிச்சது?"

"மூணாவது வாட்டி. மொத்தம் அஞ்சு வாட்டி."

"பத்து சைஸா இருந்திருந்தா?"

யோசித்தேன். உண்மையைச் சொன்னால் வேலை தெரியாதவன் என்று நினைப்பாரோ என்று பயமாகத்தான் இருந்தது.

"ரெண்டு வாட்டியோட மூடியிருப்பேன். தப்புன்னா இருபது இருக்குல்லன்னு விட்டிருப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். வாசலில் நின்ற மகளை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தாயில்லாம வளர்த்த பிள்ளை. எனக்கு இருக்கது இவ ஒருத்திதான், அடுத்த சைஸு கிடையாது. அஞ்சு வாட்டி பார்க்குற ஆளா இருந்தா, ஆவணியில தட்டோட வா."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வாசலில் வெள்ளைத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, எதுவாக இருந்தாலும் எனக்குப் போதும் என்றிருந்தது.

முன்சீட்டிலிருந்து அண்ணாச்சி தலையை நீட்டினார். முகத்தில் மறுபடியும் பழைய பிரகாசம் வந்திருந்தது.

"அப்ப நான் நாப்பது வாங்குனது நல்லதாத்தானே போச்சு?"

"இல்லை!" என்று கத்தினோம். மாமனாரும் மருமகனுமாக நாங்கள் சேர்ந்து பேசிய முதல் வார்த்தை அது.